இதுவரை தின்னாத கறி

கூடைக்குள் கிச்சிலி மறுபடியும் கழுத்தை நீட்டுகிறான். வாந்தி எடுத்துவிடாதேடா ராசா, இன்னும் கொஞ்ச நேரம்தான், உள்ளே போயிருக்கிற நாய் வெளியே வந்ததும் அடுத்து நாம்தான் என்று அந்தச் சீட்டுக் கொடுக்கிற பெண் சொல்லியிருக்கிறாள். இங்கே எடுத்தால் எல்லாரும் பார்ப்பார்கள். பார்த்தால் பார்க்கட்டும், நோய் வந்துதானே வந்திருக்கிறோம், கல்யாண வீட்டுக்கா வந்திருக்கிறோம். தரையில் டெட்டால் வாசனை, அதுவும் இவனுக்கு ஆகாது, இவனுக்கு எதுதான் ஆகிறது. கூடை ஓட்டைக்குள் விரலை விட்டால் முன்பெல்லாம் செல்லமாகக் கடிப்பான், இப்போது மூக்கு காய்ந்துபோய் விரல்மேல் சும்மா சாய்கிறது. கழுத்தைச் சுற்றி முடி கொட்டி ரோஸ் நிறத் தோல் தெரிகிறது, அதையும் சொறிந்து சொறிந்து புண்ணாக்கி வைத்திருக்கிறான். உருண்டையாக, ஆரஞ்சு நிறப் பூனைக்குட்டியாக, கிச்சிலிப் பழம் மாதிரி இருக்கிறான் என்றுதான் என் மகள் உமையாள் அந்தப் பேரை வைத்தாள். இப்போது இருப்பது உரித்துப் போட்ட தோல்தான். நேற்று போனில், "கிச்சிலியக் காட்டும்மா, மொகத்த மட்டும் காட்டு" என்றாள். நெட்வொர்க் சரியில்லை, படம் நிற்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். பொய் சொல்ல எனக்கு வராது என்று அவளுக்கும் தெரியும், நம்பின மாதிரி வைத்துவிட்டாள். வண்டியை நிழலில் போட்டுவிட்டு வருகிறேன் என்று போன என் வீட்டுக்காரரை இன்னும் காணவில்லை.

இந்த டாக்டர் என்ன சொன்னாளோ அதில் ஒரு சொல் விடாமல் செய்தேன். போன தடவையும் இதே நாற்காலிதான், இல்லை, அந்த ஓரத்து நாற்காலி. அவரும் நானும் சேர்ந்துதான் உள்ளே போனோம். சின்ன வயசு டாக்டர், நிதானமான பெண், இவன் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, பரிசோதனை செய்த தாளையும் பார்த்துவிட்டு, பூச்சி இல்லை, கிருமி இல்லை, சாப்பாடுதான் ஒத்துக்கொள்ளவில்லை என்றாள். எந்தச் சாப்பாடு என்று கண்டுபிடிக்க ஊசியும் கிடையாதாம் மருந்தும் கிடையாதாம், ஒரே வழிதானாம். இவன் பிறந்ததிலிருந்து வாயில் வைக்காத ஒரு கறியாகப் பார்த்து, அதை மட்டும் வெறுமனே வேகவைத்து, தான் கொடுக்கிற சத்துப்பொடியைத் தூவி, ரெண்டு மாசம் வேறு எதுவும் நாக்கில் படாமல் கொடுத்துப் பார்க்க வேண்டும். உடம்பு பழகினதோடுதான் சண்டை போடும், தெரியாததோடு போடாது என்றாள். ரொம்ப நாள் கூடவே இருக்கிறதுதான் ஆகாமல் போகும் என்று விளக்கினாள், நானும் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரித் தலையாட்டினேன். "இவ்வளவு நாள் என்னென்ன குடுத்தீங்க?" பால், தயிர்சோறு, மீன் வாசனை அடிக்கிற பாக்கெட் உருண்டை, அதுவும் பின்பக்க வராந்தாவோடு சரி. பாக்கெட்டையே கொண்டுபோயிருந்தேன், பின்பக்கம் வாசித்துப் பார்த்தாள், மீனும் அரிசியும்தான் என்றாள். "சிக்கன்?" எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. "எங்க வீடு சைவம் டாக்டர். முட்டகூட வாசப்படி ஏறாது" என்றேன். எவ்வளவு பெருமையாகச் சொன்னேன். "அப்போ நல்லதாப் போச்சும்மா, சிக்கன்லயே ஆரம்பிச்சிருவோம்" என்றாள். அவர் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தார். சுவரில் மாட்டியிருந்த நாய்ப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்தச் செண்பகவல்லி கோழிக்கடையில் போய் நின்றாள் என்று சொன்னால் எங்கள் சனத்தில் யார் நம்புவார்கள். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றேன், எப்படிக் கேட்க வேண்டும் என்றுகூடத் தெரியாமல், "ஒரு பூனைக்குத் தேவையான அளவு" என்றேன், கடைக்காரர் சிரிக்காமல் வெட்டிக் கொடுத்தார், அந்த மட்டுக்குப் புண்ணியவான். அடுக்களைக்குள் கொண்டுபோக முடியுமா, பின்பக்க வராந்தாவில் தனி அடுப்பு, தனிச் சட்டி, தனிக் கத்தி. முதல் நாள் தண்ணீர் கொதித்து வெள்ளை நுரை பொங்கினபோது முகத்தைத் திருப்பிக்கொண்டேன், இவன் கிடந்த கிடையை நினைத்துக்கொண்டு நின்றேன். கறியை உதிர்த்துப் போடுகிறபோது விரலெல்லாம் பிசுபிசு என்று, எவ்வளவு சோப்புப் போட்டாலும் போகாத ஒரு வாசனை. ஒவ்வொரு தடவையும் தலைக்குக் குளித்தேன். குளிக்காமல் அடுக்களைக்குள் கால் வைக்கக் கூடாது என்று அவர் சொல்லியிருந்தார். "ஏளா, தலையோட ஊத்திக்கிட்டு உள்ள போ. சாமி படமெல்லாம் இருக்கு." துண்டை மூக்கில் வைத்துக்கொண்டு ஹாலில் நின்று சொல்வார். தினமும் ஈரத்தலை, சளி, ஒரு வாரம் காய்ச்சல்கூட வந்தது. காய்ச்சலோடும் குளித்தேன். இவன் தேறினால் போதும் என்று இருந்தேன், இவன் தேறவில்லை. பேதியில் ரத்தம் வர ஆரம்பித்தது. நான்தான் ஏதோ பக்குவத்தில் பிசகிவிட்டேன் என்று நினைத்தேன், சட்டி சரியாகக் கழுவவில்லையோ, சத்துப்பொடி கூடிவிட்டதோ என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற பெண்ணின் மடியில் சாம்பல் நிறத்தில் ஒரு சடைப்பூனை, மூஞ்சி சப்பையாக, யாரோ திட்டிவிட்ட மாதிரி. ஜெபராணி என்று பேர் சொன்னாள், ஸ்கூல் டீச்சராம். வந்ததிலிருந்து ஓயாமல் பேசுகிறாள், எனக்கும் யாராவது பேசினால் தேவலை போலத்தான் இருக்கிறது. அவள் பூனைக்கும் இதே கதைதானாம், சொறி, வாந்தி. "எங்களுக்கு முயல்கறி குடுக்கச் சொன்னாவக்கா. ஏ அப்பா, அது பட்ட பாடு. புதுசா ஒண்ணக் குடுத்தா பூன லேசுல தொடுமா? தட்டப் பாத்துட்டு என்னையப் பாக்கும், மண்ணப் பறிக்க மாதிரி தட்டச் சுத்திப் பறிச்சு மூடும். நாலஞ்சு நாளு கெஞ்சிக் கூத்தாடி, விரல்ல தொட்டு நாக்குல வச்சு, பெறகுதான் தின்னுச்சு. ஒங்கவன் எத்தன நாளாக்கினான்?" என்றாள். "இவன் மொத நாளே தின்னுட்டான்" என்றேன். "மொத நாளேவா? ஒங்க வீட்டுலதான் கவுச்சியே கெடையாதுன்னிய?" என்றாள். "பசியா இருந்திருப்பான்" என்றேன். "என்னக்கா, பசியில கெடந்தாலும் பூன தெரியாதத் திங்காது" என்று சொல்லிவிட்டு அவள் தன் பூனையின் காதைத் துடைக்க ஆரம்பித்தாள்.

முதல் நாளே தின்றான். தின்றான் என்பதுகூட இல்லை, அதற்கு முன்னால் ஒன்று நடந்தது, அதை நான் பார்த்தேன், பார்த்துக்கொண்டேதான் நின்றேன். சட்டி கொதிக்க ஆரம்பித்ததும் இவன் மாடிப்படியிலிருந்து கத்திக்கொண்டு ஓடிவந்தான், அப்படி ஒரு சத்தம், பிள்ளை பாலுக்கு அழுகிற மாதிரி. ஓடிவந்தவன் என்னிடம் வரவில்லை, அடுப்பிடமும் போகவில்லை. கதவோரம் துண்டை மூக்கில் பிடித்துக்கொண்டு நின்றாரே, அவர் காலடியில் போய் உட்கார்ந்து, வலது கையைத் தூக்கி அவர் முழங்காலை ரெண்டு தட்டு தட்டினான். கொடு, கொடு என்கிற மாதிரி. அவர் காலை உதறினார். "போ சனியனே, அவகிட்டப் போ" என்றார். நான் சிரித்தேன். ஐயோ, நான் சிரித்தேனே. கறி என் கையில் இருக்கிறது, வாசனை என் சட்டியில் இருக்கிறது, இவன் எதற்கு அவரிடம் போய்க் கேட்டான். சீ, என்ன புத்தி இது, இருபத்தேழு வருஷம் ஒரே தட்டில் ரசம் சோறு பிசைந்து தின்ற மனுஷன். பூனைக்கு என்ன தெரியும், பயத்தில் அவர் காலுக்குப் போயிருக்கும். பயந்தால் கட்டிலுக்கு அடியில் அல்லவா போவான். முழங்காலைத் தட்டுவானா. என்னிடம் இதுவரை ஒருநாளும் அப்படித் தட்டிக் கேட்டதில்லை, பாலுக்கும் கேட்டதில்லை, தயிர்சோற்றுக்கும் கேட்டதில்லை. தட்டிக் கேட்கிறதை யாரோ பழக்கியிருக்க வேண்டும்.

ரெண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, நாற்றம் தாங்கவில்லை என்று நான் புலம்பினபோது ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டே, "இஞ்சி பூண்டு இல்லாம வேக வச்சா கவுச்சி அடிக்கத்தான் செய்யும்" என்றார். நானும் ஆமாம் என்றேன். ஆமாம் என்று எதை வைத்துச் சொன்னேன். அவர் எதை வைத்துச் சொன்னார். வெங்காய சாம்பாரில் உப்பு குறைந்தால்கூடக் கண்டுபிடிக்கத் தெரியாத மனுஷனுக்கு இஞ்சி பூண்டுக் கணக்கு எங்கிருந்து வந்தது. ஞாயிற்றுக்கிழமை. ஞாயிற்றுக்கிழமையா? விடியக்காலம் எழுந்து, திருநீறு பூசி, புல் வெட்டுகிற கரண்டியைப் பையில் போட்டுக்கொண்டு உழவாரப்பணிக்குப் போவார், ஏதாவது ஒரு சிவன் கோயில், பிராகாரத்தில் முளைத்த புல்லைச் செதுக்கிக் குப்பை கூட்டுகிற கூட்டம். மத்தியானம் கழித்துத்தான் வருவார், அங்கேயே சாம்பார்சாதம் சாப்பிட்டாயிற்று என்பார், வாய் நிறைய வெற்றிலை இருக்கும். மற்ற ஆறு நாளும் வெற்றிலை போடாதவர். வாசல் குழாயில் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் உள்ளே வருவார், கோயிலில் மண்ணளைந்த கை என்பார், நான் ஓடிப்போய்த் துண்டு எடுத்துக் கொடுப்பேன். கிச்சிலி ஞாயிற்றுக்கிழமை மட்டும் மதில்மேல் காத்துக்கிடப்பான். வண்டிச் சத்தம் தெருமுனையில் கேட்டதும் குதித்து ஓடுவான். "வெயில் காயட்டும், சடைக்கு நல்லது" என்று அவனைத் தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போவார், கூடவே அந்தப் பையும் போகும். புல் வெட்டுகிற கரண்டிக்கு மொட்டைமாடியில் என்ன வேலை என்று ஒருநாளாவது எனக்குத் தோன்றியிருக்க வேண்டாமா.

கூடையை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறேன், இவன் என்னவோ ஏதோ என்று தலையைத் தூக்கிப் பார்க்கிறான். தின்னட்டும், அவர் நாக்கு அவர் வயிறு, ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் வெளியே ஒன்று வீட்டில் ஒன்று என்று இருக்கிறார்கள், அதற்காகவா நான் இப்படி மருகுகிறேன். இல்லை. உமையாளுக்கு என்ன பதில் சொல்வேன். அவள் விரும்பின தூத்துக்குடிப் பையன் கிளாட்சன், தங்கமான பிள்ளை, அவன் வீட்டில் மீன் இல்லாமல் சோறு இறங்காது என்கிற ஒரே காரணத்துக்கு இந்த மனுஷன் ஆடின ஆட்டம். மதம்கூட ரெண்டாவதுதான், வாய்தான் முதல் என்றார். "கவுச்சி திங்க வீட்டுல கை நனைச்சவ, இந்த வாசப்படி ஏறக் கூடாது" என்றார். அவள் பெட்டியோடு நின்று, "அப்பா, இவனையாவது பாத்துக்கிடுங்க" என்று கிச்சிலியை அவர் காலடியில் விட்டுவிட்டுப் போனாள். அன்றைக்கு என்ன கிழமை, ஞாயிற்றுக்கிழமையாக மட்டும் இருக்கக் கூடாது கடவுளே. போனவளுக்கு நான் போனில் என்ன சொன்னேன்? "அப்பா மேல கோவப்படாதட்டி. ஒன் பூனைய மாடிக்குத் தூக்கிட்டுப் போயிக் கொஞ்சுதாவ, நானே பாத்தேன். ஒன்னய நெனச்சுத்தான் அவனக் கொஞ்சுதாவ." அவள் அந்தப் பக்கம் ஓவென்று அழுதாள். நானும் அழுதேன். ரெண்டு பைத்தியக்காரிகள், எதற்கு அழுதோம். அவர் எங்கேயோ எலும்பை உறிஞ்சிவிட்டு மிச்சத்தை மாடியில் பூனைக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

அதையும் பொறுத்துக்கொள்ளலாம். பொறுத்துக்கொள்ள முடியாதது வேறு. அந்த டாக்டர் கேட்டாளே, சிக்கன், என்று. நான் சிரித்தபோது அவர் நாய்ப் படத்தைப் பார்த்தாரே. இதுவரை தின்னாததாக இருக்க வேண்டும் என்று அவ்வளவு தெளிவாகச் சொன்னாளே, தமிழில்தானே சொன்னாள். அப்போது வாய் திறக்க வெட்கமாக இருந்தால் வெளியே வந்து சொல்லியிருக்கலாம். என்னிடம் சொல்ல முடியாவிட்டால் தனியாக டாக்டருக்குப் போன் பண்ணியிருக்கலாம். இவனுக்கு ஆகாத அதே கறியை நான் ஒரு மாசமாக வேகவைத்து ஊட்டினேன், காய்ச்சலோடு குளித்துக் குளித்து ஊட்டினேன், இவன் ரத்தமாகப் போனான், அவர் துண்டை மூக்கில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றார். ஒருவேளை அவருக்குப் புரியவில்லையோ. என்றைக்கோ கொஞ்சம் கொடுத்தால் என்ன என்று நினைத்திருப்பாரோ. எப்படியாவது அவருக்கு ஒரு நியாயம் கண்டுபிடித்துக் கொடுத்தே பழகின மனசு, இப்போதும் அதைத்தான் தேடுகிறது, வெட்கம் கெட்ட மனசு.

அவர் வந்துவிட்டார். வெள்ளை வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு, கையில் எனக்கு என்று ஒரு பேப்பர் கப்பில் டீ. "குடி. காலையிலேருந்து ஒண்ணும் சாப்பிடல நீ" என்கிறார். அக்கறை. எனக்கு அழுகை வந்துவிட்டது, டீயைப் பார்த்து அழுகிற முதல் பொம்பளை நானாகத்தான் இருப்பேன். "எதுக்கு அழுத? பூனதான, போனா இன்னொண்ணு வாங்கிக்கிடலாம்" என்கிறார். ஜெபராணி நிமிர்ந்து பார்க்கிறாள். நான் டீயை நாற்காலிக்கு அடியில் வைக்கிறேன். வெற்றிலை வாசனை இருக்கிறதா என்று மோந்து பார்க்கிறேன், இல்லை, இன்றைக்குத் திங்கட்கிழமை. நாய் வெளியே வருகிறது. "கிச்சிலி யாரு? உள்ள வாங்க."

டாக்டர் கூடையைத் திறந்து மேசைமேல் விடுகிறாள், அவன் நாலு காலையும் ஊன்ற முடியாமல் ஊன்றி நிற்கிறான். வயிற்றைத் தொட்டுப் பார்க்கிறாள், கழுத்தைப் பார்க்கிறாள், முகம் மாறுகிறது. "இந்நேரம் கொஞ்சமாவது தேறியிருக்கணும்மா. இது சிக்கன் ஆகாத ஒடம்பு மாதிரித்தான் இருக்கு, ஆனா புதுசாத் திங்கறதுக்கு இப்படி வராதே. இன்னும் ஒரு மாசம் தப்பாக் குடுத்தா இவன் தாங்க மாட்டான். நல்லா யோசிச்சுச் சொல்லுங்க, முன்னாடி எப்பவாவது, எங்கயாவது, சிக்கன் தின்னிருக்கானா?" நான் அவரைப் பார்க்கிறேன். சொல்லுங்கள், இப்போதாவது சொல்லுங்கள், நான் ஒன்றும் கேட்க மாட்டேன், உமையாளைப் பற்றிக்கூட இன்றைக்குக் கேட்க மாட்டேன், இவனுக்காகச் சொல்லுங்கள். அவர் தொண்டையைச் செருமுகிறார். நாய்ப் படத்தைப் பார்க்கிறார். "எங்க வீடு சைவம் டாக்டர்" என்கிறார்.

நான் சொன்ன அதே சொல், அதே பெருமை. எனக்குள்ளே அழுகை சட்டென்று நின்றுபோனது. "வீடு சைவந்தான் டாக்டர்" என்றேன். "இவுகதான் இல்ல."

டாக்டர் பேனாவை வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. மேசை விளிம்பைப் பார்த்து, "ஞாயித்துக்கெழம மட்டுந்தான்" என்றார். அவ்வளவு சின்னக் குரலில் அவர் பேசி நான் கேட்டதில்லை. டாக்டர் நல்ல பெண், ஒன்றும் கேட்கவில்லை, திட்டவில்லை, மறுபடி பேனாவை எடுத்துக்கொண்டாள். அவளுக்குப் பூனைதானே முக்கியம். "பரவால்ல சார், இப்பவாவது தெரிஞ்சுதே. சிக்கன நிறுத்திருவோம், வேற கறிக்குப் போவோம். ஆடு?" அவர் மறுபடி நாய்ப் படத்தைப் பார்த்தார். "சார், ஆட்டுக்கறி தின்னிருக்கானா?" "தீவாளிக்கு" என்றார். தீபாவளிக்கு நான் அதிரசம் சுட்டேன், கையெல்லாம் எண்ணெய் தெறித்தது. "காடை?" தலையை ஆட்டினார். ஆமாம் என்கிற பக்கமாக. ஒவ்வொன்றாக அவள் கேட்கக் கேட்க எனக்கு என் வீட்டையே யாரோ சாமான் சாமானாகத் தெருவில் எடுத்து வைப்பது போல இருந்தது. "சரி, முயல்?" "இல்ல." "உறுதியா? கொஞ்சங்கூட?" "இல்ல டாக்டர்."

டாக்டர் என்னைப் பார்த்தாள். வீட்டுக்காரர் சொல்வது சரிதானே அம்மா என்கிற பார்வை. எனக்கு எப்படித் தெரியும். இனி இவன் பிழைப்பதென்றால் இந்த மனுஷன் வாயிலிருந்து வந்த அந்த ஒரு "இல்ல"யை நம்பித்தான் பிழைக்க வேண்டும். முயல்கறிக்கும் நான் போய் நிற்பேன், வேகவைப்பேன், உதிர்ப்பேன். நம்புவதற்கு மட்டும் எங்கே போவேன். "டாக்டருக்குச் சொன்னது போதாது" என்றேன் அவரிடம், "இவன் தலையில கைய வச்சுச் சொல்லுங்க."

"ஏளா, இங்கன வச்சா…"

"வச்சுச் சொல்லுங்க."

அவர் வலது கை மெதுவாக மேசைக்கு மேலே வந்தது. தலைக்குப் போகிறதற்குள் கிச்சிலி அந்தக் கையைப் பார்த்துவிட்டான். எங்கிருந்து அவ்வளவு தெம்பு வந்ததோ, எழுந்து உட்கார்ந்து, முன்னங்காலைத் தூக்கி அவர் மணிக்கட்டை ரெண்டு தட்டுத் தட்டிவிட்டு, விரலுக்கு இடையில் மூக்கை நுழைத்துத் தேட ஆரம்பித்தான்.